ஊசியும் உரிமையும்

உழைப்பும் உள்ளன்பும் இருந்தால் போதும், உயர்வு தானே வந்து வாயிற்கதவைத் தட்டும் என்று உபதேசம் செய்வோர் எல்லா நாட்டிலும் உளர். கைத்தொழில் ஒன்றைக் காதலுடன் செய், மனைவி மக்களைக் கூட்டிக்கொள், கடை ஒன்று திற, காசு குவியும்! வறுமைக்கு அதுவே மருந்து, வேலையின்மைக்கு அதுவே மருந்து, பெண்கள் படும் பாட்டுக்கும் அதுவே மருந்து என்பர். அம்மருந்து முற்றிலும் பொய் என்று கூற நான் முன்வரவில்லை. அது யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை, பலிக்காமற் போனதற்குக் காரணம் என்ன என்று கேட்பதே இவ்வாரத்து வேலை.

கேள்வியை வெறும் காற்றிலே எழுப்ப வேண்டாம். ஒரு போர்வையை விரித்து வைத்துக்கொண்டே கேட்போம்.

அமெரிக்க நாட்டு இல்லங்களிலே பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துவரும் போர்வை அது. சிறு சிறு துணித் துண்டுகளை வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, மேல்துணி ஆக்குவர். அடியிலே மற்றொரு துணி, இடையிலே பஞ்சு. மூன்றும் நழுவாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டுவர். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'குவில்ட்'. ஒட்டுப்போர்வை என்று நாம் சொல்வோம். குளிரை விரட்டப் பிறந்தது. அழகுக் கலையாக வளர்ந்தது. இன்று பெரும் வாணிகமாகவும் நிற்கிறது.

அந்த ஒரே நாட்டில், அந்த ஒரே போர்வையைத் தைத்த இரண்டு ஊர்களைப் பாருங்கள்.

பலித்த ஊர்

மிசௌரி மாநிலத்தில் ஹாமில்டன் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை 2,000க்கும் குறைவு. நாடெங்கும் பெருங்கடைகள் திறந்து பெயர்பெற்ற ஜே. சி. பென்னி 1875ஆம் ஆண்டு பிறந்தது இவ்வூர்ப் பக்கம்தான். எனினும், பிற்காலத்தில் கடைத்தெரு களையிழந்தது. கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன.

2008ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பொருளாதாரம் சரிந்தபோது, முதுமைக்கென ஜென்னி டோன் குடும்பம் சேர்த்து வைத்திருந்த பணமும் கரைந்தது. அவ்வம்மையாருக்கு ஒட்டுப்போர்வை தைப்பதிலே பெருவிருப்பம். மேல்துணியைத் தைத்து முடித்து, மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய பொறி வைத்திருப்போரிடம் கொடுத்தால், திரும்பக் கைக்கு வர மாதக்கணக்கிலே காத்திருக்க வேண்டும். காத்திருப்போர் வரிசை இத்தனை நீளம் என்றால் அங்கே ஒரு தொழில் இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுகொண்டனர். பணம் திரட்டினர், பொறி வாங்கினர், கட்டடம் வாங்கினர். அம்மையார் தைக்கும் முறையைப் படம்பிடித்து யூடியூபிலே வெளியிட்டனர். இலட்சக்கணக்கானோர் பார்த்தனர், பார்த்தவர் துணி கேட்டனர், துணி அஞ்சலிலே சென்றது. பூட்டிக் கிடந்த கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தெரு முழுவதும் துணிக்கடைகள். மனைவியர் கடை சுற்றுகையில் கணவன்மார் உட்கார்ந்திருக்கக்கூட ஒரு கூடம்! நூற்றுக்கணக்கானோர்க்கு வேலை கிடைத்தது. 2015இல் அந்நாட்டுச் சிறுதொழில் நிர்வாகம் அக்குடும்பத்தாருக்கு நாட்டின் சிறந்த சிறுதொழில் முனைவோர் என்ற சிறப்பை வழங்கிற்று.

நல்ல செய்திதான். பொறாமைப்பட ஏதுமில்லை, பாராட்டத் தடையுமில்லை. ஆயினும் ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள், தோழர்களே. அக்குடும்பம் பெருகியது போர்வை விற்று அன்று. போர்வை தைக்க ஆசைப்படும் பிறருக்குத் துணி விற்றும், கற்றுக்கொடுத்தும் பெருகியது. கையால் நாட்கணக்கில் தைத்த ஒரு போர்வைக்கு, தைத்த நேரத்துக்குரிய கூலியைக் கூட்டி விலை சொன்னால், வாங்குவோர் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே தைக்கும் கையிலே இலாபம் நிற்பதில்லை; தைப்பவளுக்குச் சரக்கு கொடுக்கும் கையிலே அது நிற்கிறது. இதை அறிந்ததே அக்குடும்பத்தின் கூர்மை. அந்தக் கூர்மையைச் செயலாக்க அவர்களிடம் முதல் திரட்டும் வழி இருந்தது. விலைக்கு வாங்கக் கட்டடம் இருந்தது. வெளியூர் செல்லச் சாலையும் அஞ்சலும் இருந்தன. நீ கடை திறக்கலாகாது என்று தடுக்க ஊரிலே எவரும் இல்லை.

இவையெல்லாம் இயற்கையாகவே எல்லார்க்கும் அமைந்தவை என்று எண்ணுவோர் அடுத்த ஊருக்கு வரட்டும்.

படகு நின்ற ஊர்

அலபாமா மாநிலம், வில்காக்ஸ் மாவட்டம். அலபாமா ஆறு வளைந்து ஓடி மூன்று புறமும் சூழ்ந்து நிற்கும் நிலத்திலே ஓர் ஊர்: ஜீஸ் பெண்ட். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணை அது. 1845இல் பெட்வே என்னும் வெள்ளையர் கைக்கு அப்பண்ணை மாறியது. அடிமைமுறை ஒழிந்த பின்னரும் ஆண்டானின் பெயர் ஒழியவில்லை. இன்றும் அவ்வூர்க் கறுப்பின மக்களிற் பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வேதான்! அடிமைகளாய் இருந்தவர்கள் குத்தகை உழவர்களாயினர். சங்கிலி போய்க் கடன் வந்தது.

அக்கடனின் கதையைக் கேளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் கேம்டன் நகரம். அங்கிருந்த வணிகர் ஒருவரிடம் இம்மக்கள் கடன் பெற்றுப் பயிரிட்டு வந்தனர். பருத்தி விலை வீழ்ந்தது, கடன் ஏறியது. வணிகர் இறந்தார். 1932ஆம் ஆண்டு அவருடைய மனைவியின் ஆட்கள் வந்தனர். ஏறத்தாழ அறுபது குடும்பங்களின் மாடு, கோவேறு கழுதை, கோழி, கலப்பை, வண்டி, விளைந்த சோளம் எல்லாவற்றையும் வாரிச் சென்றனர். அந்தக் குளிர்காலத்தை மக்கள் கடந்தது செஞ்சிலுவைச் சங்கம் அளித்த உணவால்.

அந்த ஊரிலும் பெண்கள் போர்வை தைத்தார்கள்! வயலிலே உழைத்து முழங்காலில் தேய்ந்து கிழிந்த கால்சட்டை, கணவனின் பழஞ்சட்டை, உரம் வந்த சாக்கு, மாவு வந்த பை, இவையே அவர்களுக்குத் துணி. பலகைச் சுவரின் இடுக்குகளில் செய்தித்தாளை ஒட்டிக் குளிர்காற்றைத் தடுத்த வீடுகளிலே, பிள்ளைகள்மேல் அடுக்கடுக்காகப் போர்த்த அப்போர்வைகள் பயன்பட்டன. தாய் மகளுக்குக் கற்பித்தாள். மகள் தன் மகளுக்குக் கற்பித்தாள். சதுரத்துக்குள் சதுரமாகச் செல்லும் 'வீட்டுக்கூரை' என்னும் அமைப்பை ஒவ்வொருத்தியும் தன் மனம்போல் திருப்பினாள். கோடு ஒருபுறம் சாயும், வண்ணம் எதிர்பாராத இடத்திலே திரும்பும். 'என் வழி' என்பதே அத்தகைய தையலுக்கு அவர்கள் இட்ட பெயர்.

அன்பு இல்லையா? இருந்தது. குடும்பம் இல்லையா? ஊரே குடும்பம். உழைப்பு? விடியுமுன் எழுந்து இருட்டிய பின் உறங்கிய உழைப்பு. கலை? அது எத்தகையது என்பதைப் பின்னர் உலகமே கூறிற்று. பின் ஏன் அங்கே ஒரு கடைத்தெரு எழவில்லை? ஹாமில்டனில் இருந்து, இங்கே இல்லாமற் போனது எது?

விடை அப்போர்வைகளில் இல்லை, அரசியலில் இருக்கிறது.

1930களின் பிற்பகுதியில் நடுவண் அரசு அந்தப் பண்ணையை வாங்கிற்று. வீடு கட்டித் தந்தது, கடன் தந்தது, காலப்போக்கில் நிலத்தை உழுதவர்க்கே விற்றது. காலடி மண் சொந்தமானது. சொந்த மண்ணிலே நின்றவன் நிமிர்ந்து நின்றான். நிமிர்ந்தவன் வாக்குச்சீட்டைக் கேட்டான். வில்காக்ஸ் மாவட்டத்தில் பெரும்பான்மையோர் கறுப்பினத்தார். ஆயினும் 1965ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் வாக்காளர் பட்டியலிலே அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை! வாக்காளராகப் பதிவு செய்யக் கேம்டனுக்குச் செல்ல வேண்டும். கேம்டன் செல்ல ஆற்றைக் கடக்கும் படகு ஒன்று இருந்தது. 1962இல் அந்தப் படகு நிறுத்தப்பட்டது! கண்ணுக்கு எதிரே தெரியும் நகரத்துக்குச் சாலைவழியே சுற்றிச் செல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று. அதே படகு மீண்டும் ஓடத் தொடங்கியது 2006இல். நாற்பத்து நான்கு ஆண்டுகள்!

படகு இல்லாத ஊரிலே பள்ளிக்கூடம் எட்டாது, மருத்துவமனை எட்டாது, சந்தையும் எட்டாது. வாக்கைத் தடுக்க எண்ணியவர்கள் வாழ்வையே தடுத்தார்கள். அரசியல் வேறு, தொழில் வேறு என்று நம்மிடம் வந்து கூறும் அறிவாளர்கள் அந்த ஆற்றங்கரையிலே நின்று அதைக் கூறிப் பார்க்கட்டும்.

விடுதலை என்று பெயரிட்டார்கள்

1965ஆம் ஆண்டு பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கே வந்து மாதா கோயிலிலே பேசினார். மக்கள் அணிவகுத்துக் கேம்டன் சென்றனர். சிறை சென்றனர். பிறர் நிலத்தில் குடியிருந்து வாக்குரிமை கேட்ட குற்றத்துக்காக அம்மாவட்டத்தில் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அந்த ஆண்டின் இறுதியில், பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் வெள்ளையப் பாதிரியார், குடியுரிமைப் பணியாக அம்மாவட்டத்திலே சென்றுகொண்டிருந்தபோது, ஒரு வீட்டின் கொடியிலே உலர்ந்த போர்வைகளைக் கண்டு வியந்து நின்றார். அவரை நெருங்கக் கண்ட அவ்வீட்டுப் பெண் காட்டுக்குள் ஓடி மறைந்துவிட்டாள். வெள்ளைமுகம் ஒன்று வாசலுக்கு வந்தால் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியும். உலகம் போற்றவிருந்த கலைஞர்களுக்கு முதல் வாடிக்கைக்காரர் வந்தபோது நேர்ந்தது இதுதான். அச்சம் குடியிருக்கும் வீட்டிலே அங்காடி எப்படி நடக்கும்?

பாதிரியார் திரும்பவும் வந்தார். போர்வை ஒன்றுக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கினார். 1966ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நியூயார்க்கில் ஏலம் நடந்தது. அதே மாதம் பெண்கள் ஏறத்தாழ அறுபது பேர் கூடிக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அழகு, இல்லம், பாட்டி என்றெல்லாம் பெயர் சூட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை. விடுதலை என்றே பெயர் சூட்டினர். விடுதலைப் போர்வைச் சங்கம்! குடியுரிமைப் போரிலே முன்நின்ற எஸ்டெல் விதர்ஸ்பூன் அம்மையார் அதனை நெடுங்காலம் நடத்தினார்.

அச்சங்கம் செய்ததைக் கணக்கிடுங்கள். நியூயார்க்கின் பெரிய அங்காடிகளுக்குப் போர்வை அனுப்பிற்று. நிலம் வாங்கிற்று, அதன் ஒரு பகுதியை, வாக்குரிமைக்காக வீடிழந்த குடும்பங்களுக்கு விற்றுக் குடியேற்றிற்று. 1969இல் தையற்கூடம் எழுப்பி அதற்குக் கிங் பெயரைச் சூட்டிற்று. குழந்தைகள் காப்பகம் நடத்திற்று. 1972 முதல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறைகள் தைத்துத் தந்தது. வயலில் உழைத்தும் கையிலே காசு காணாத பெண்கள், மாதந்தோறும் தம் பெயருக்கு வரும் பணத்தைக் கண்டார்கள். இலாபம் பங்கிட்ட பின் மிச்சமிருந்த சிந்தனை அனைத்தும் ஊரைப் பற்றியது. குடும்பத் தொழில் என்றால் இது குடும்பத் தொழில்; குடும்பம் என்ற சொல்லை மட்டும் ஊரளவுக்கு விரித்துக்கொண்டார்கள்.

கேட்கத் தகுந்த கேள்வி

எதிர்த்தரப்பார் உடனே கேட்பார்கள்: "சங்கம் இன்று எங்கே? 2012இல் மூடிவிட்டதே! கூட்டுறவு தோற்றது, குடும்பக் கடை வென்றது, இதுதானே முடிவு?"

தள்ளிவிடத் தகுந்த கேள்வி அன்று. நேருக்கு நேர் நின்று விடை சொல்வோம். நாற்பத்தாறு ஆண்டுகள் நடந்த சங்கத்தைத் தோல்வி என்பது நியாயமாகாது. ஆயினும் குறை இருந்தது. பெருங்கடைகள் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே நிறம் கேட்டன. 'என் வழி' என்று தைத்த கை, கடைக்காரன் வழியிலே தைக்க வேண்டியதாயிற்று. தலையணை உறை கேட்ட பெருநிறுவனம் அவ்வேலையை நிறுத்தினால் கூடம் வெறிச்சோடும். மூத்தவர்கள் தளர்ந்தனர்; இளையவர்கள் வேலை தேடி வெளியேறினர். கூட்டாக உழைத்தார்கள், ஆனால் விலை வைக்கும் இடத்தை அவர்கள் பிடிக்கவில்லை. ஹாமில்டன் குடும்பத்தார் பிடித்தது அந்த இடத்தைத்தான்.

பின்னர் நடந்ததையும் பாருங்கள். அதே பெண்களின் பழைய போர்வைகள் 2002ஆம் ஆண்டு ஹூஸ்டன் நகரக் கலைக்காட்சியகத்திலும், அடுத்து நியூயார்க்கின் விட்னி காட்சியகத்திலும் சுவரில் ஏறின. நவீன ஓவியத்தின் உச்சிகளோடு ஒப்பிட்டுத் திறனாய்வாளர்கள் எழுதினர். 2006இல் அவை அஞ்சல் தலைகளாயின. கந்தல் என்று கருதப்பட்டது கலை என்று முடிசூட்டப் பெற்றது. உடனே எழுந்தது அடுத்த வினா: இந்தக் கலைக்கு வரும் பணத்தில், இந்த வடிவங்களை அச்சிட்டு விற்கும் பொருள்களில், தைத்தவளுக்குப் பங்கு எவ்வளவு? 2007இல் சில பெண்கள் வழக்கு மன்றம் ஏறினர். 2008இல் வழக்குகள் சமரசமாயின. யார்மீது பிழை என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலை அன்று. அப்பெண்கள் கேட்டார்களே, அதுவே நாம் மனத்திலே குறிக்க வேண்டியது. படகைக் கேட்டவர்களின் ஊரிலே பங்கையும் கேட்டார்கள்.

2003இல் தம் உடைமையாகவே ஒரு கூட்டமைப்பு அமைத்தனர். 2021 முதல் அவர்களிற் சிலர் இணைய அங்காடியிலே தத்தம் பெயரில் கடை திறந்து, தாமே விலை வைத்து விற்கின்றனர். 2024இல் டார்கெட் என்னும் பெருங்கடை நிறுவனம் அவ்வூர்ப் பெண்கள் ஐவரின் வடிவங்களைக் கொண்டு பொருள்கள் செய்து நாடெங்கும் விற்றது. அவர்களுக்குக் கிடைத்தது ஒருமுறை தரும் தொகை. விற்பனைக்கு ஏற்ற பங்கு இல்லை என்று செய்தி ஏடுகள் எழுதின. புகழ் வந்த பின்னும் போராட்டம் முடியவில்லை. முன்பு ஆற்றைக் கடக்க முடியாமல் செய்தவர்கள் வேறு. இன்று ஒப்பந்தத்தாளை நீட்டுவோர் வேறு. வினா மட்டும் ஒன்றே: யார் விலை வைப்பது?

நமக்குரிய வேலை

இவ்வளவும் ஏன் கூறுகிறேன்? எங்கோ அமெரிக்காவிலே போர்வை தைத்த பெண்களின் கதை நம் கிளைக் கழகத்து ஞாயிற்றுக்கிழமைக்கு எதற்கு?

தையற்பொறி வழங்கும் விழாக்களிலே நாமும் மேடை ஏறுகிறோம். பொறியைக் கொடுத்து, கைதட்டல் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். "இனி உன் வாழ்வு உன் கையில், தாயே!" என்று வாழ்த்துகிறோம். வாழ்வு அவள் கையில் மட்டும் இல்லை, தோழர்களே! பொறி அவள் கையில். துணி கடைக்காரன் கையில். விலை தரகன் கையில். கடன் வட்டிக்காரன் கையில். கணக்குப் புத்தகமோ, வீட்டிலே உள்ள ஆண்மகன் கையில்! குடும்பத் தொழில் என்ற இனிய பெயருக்குள்ளே கூலியில்லா வேலைக்காரியாக ஒருத்தி இருப்பாளானால், அவளுக்கு நாம் கொடுத்த பொறி இன்னொரு வேலைச்சுமை ஆகிவிடும். ஆசையாகத்தானே செய்கிறாள், கூலி எதற்கு என்று கேட்பவனை எச்சரிக்கையோடு பாருங்கள். பாட்டாளியின் அன்பைக் கழித்துக்கொண்டு கூலி கொடுப்பது பழைய தந்திரம்.

ஆகவே அடுத்த முறை ஓர் ஊரிலே பெண்கள் கூடித் தொழில் தொடங்க உங்களை அழைத்தால், மாலைக்கு முன் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். முதல் எங்கிருந்து வருகிறது, என்ன வட்டி? விற்கும் விலையை வைப்பது யார்? ஒரே வாங்குபவரை நம்பியிருக்கிறார்களா? வடிவமும் பெயரும் யாருடைமை? வரும் பணம் யார் கணக்கிலே விழுகிறது? விடை தெரியாவிடில் அதைத் தேடித் தருவது கட்சித் தொண்டனின் வேலை. சங்கம் அமைக்க உதவுங்கள். கூட்டுறவுச் சட்டத்தைப் படித்துச் சொல்லுங்கள். வங்கிக்கு உடன் செல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். அவ்வூருக்குப் பேருந்து வரவில்லை என்றால் பேருந்துக்காகப் போராடுங்கள். அதுவும் தொழில் வளர்க்கும் பணியே.

ஹாமில்டன் குடும்பத்துக்குக் கிடைத்த வாய்ப்பு எல்லாக் குடும்பங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அது வாழ்த்தினால் கிடைக்காது என்பதற்கு அலபாமா ஆற்றின் வளைவிலே உள்ள அந்த ஊர் சான்று. நிலம் வந்தது, நிமிர்வு வந்தது. வாக்கு வந்தது, வாய் திறந்தது. சங்கம் வந்தது, சம்பளம் வந்தது. இன்னும் வரவேண்டியது விலை வைக்கும் உரிமை. அந்த உரிமைக்காக அங்கே அவர்கள் போராடுகிறார்கள். இங்கே, தையற்பொறி கொடுத்த கையோடு திரும்பிவிடாமல், மறுவாரமும் அந்தத் தெருவுக்குச் செல்லுங்கள்.